பவர் இல்லாத கண்ணாடி

உன் கண்ணாடியில் பவரே இல்லை.

இன்று காலையில்தான் தெரிந்தது. கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் என் கண்ணாடி மேல் நானே உட்கார்ந்து தொலைத்தேன். ஒரு பக்கத்துக் கால் கழன்று விழுந்துவிட்டது. சரி, உன்னுடையதை மாட்டிக்கொண்டு இன்றைக்கு ஒப்பேற்றிவிடலாம் என்று உன் தையல் டப்பாவைத் திறந்தேன். நூல்கண்டு, ஊசி, பட்டன், தோல் துண்டு ஒன்று, அதற்கடியில் கண்ணாடி. ஷூ ஒட்டும் பசை வாசனை டப்பாவை விட்டு இன்னும் போகவில்லை. ஷூ கம்பெனியிலிருந்து சாயந்தரம் நீ வீட்டுக்குள் வரும்போது உன்னோடு வருமே, அதே வாசனை.

மாட்டிக்கொண்டு பேப்பரைப் பிரித்தேன். எழுத்து மங்கலாகவே இருந்தது. கழற்றிப் பார்த்தேன், மறுபடி மாட்டிப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தள்ளுவண்டிக்காரனிடம் நீ பேரம் பேசி வாங்கியது இது. "வயசாவுது இல்ல, எனக்கும் எழுத்து தெரிய மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே வாங்கினாய். வெறும் கண்ணாடித் துண்டு ரெண்டு.

"அடிப்பாவி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. அதற்கப்புறம் வந்தது என்னவென்று எனக்கே தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே எனக்கு இப்படித்தான் இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் நானே சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். நம் வீட்டு வழக்கம் அதுதானே.

எப்போது ஆரம்பித்தது அந்த வழக்கம்? நம் சுவேதா கைக்குழந்தையாக இருந்தபோதே ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன். கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் நீ அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாய். நான் நிலைப்படியில் சாய்ந்து பேப்பரோடு உட்கார்ந்திருப்பேன். "சத்தமா படிங்க, எனக்குக் கை வேலையா இருக்கு" என்பாய். ஒரு செய்தி முடிந்ததும் நிறுத்துவேன். நீ "ம்" என்பாய். அந்த "ம்" வந்தால்தான் அடுத்த செய்தி. தங்கம் விலை ஏறியிருந்தால் அந்த "ம்" இழுத்துக்கொண்டு போகும். எந்தத் தலைவர் எதைச் செய்யப்போவதாகச் சொன்னாலும் வெடுக்கென்று ஒரு சின்ன "ம்", அவ்வளவுதான்.

ராசிபலனில் உனக்கு நம்பிக்கையே கிடையாது. ஆனால் அதைப் படிக்காமல் பேப்பரை மடிக்க விடமாட்டாய்.

"உங்க ராசிக்கு இன்னா போட்டிருக்கான்?"

"வாக்குவாதத்தைத் தவிர்க்கவும்."

"யார்கிட்ட, என்கிட்டயா? பரவால்ல, கரெக்டா கண்டுபுடிச்சிருக்கான்."

டிவி வந்தது, ஆளுக்கொரு போன் வந்தது, அது மட்டும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் கேலி செய்வார்கள், காலங்காத்தால பொண்டாட்டிக்குப் பாடம் நடத்துகிறார் வாத்தியார் என்று. எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. கம்பெனியில் நான் செக்கர். லைன் கடைசியில் நின்று, தையல் கோணலாக இருந்தால் பீஸைத் திருப்பி அனுப்புகிறவன். என் குரலைக் கேட்டாலே எல்லோருக்கும் எரிச்சல். வீட்டில் மட்டும் ஒருத்தி நான் வாய் திறக்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள். என் குரல் உனக்குப் பிடிக்கும், அதனால்தான் கேட்கிறாய் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சாம்பிள் ரூமில் அவ்வளவு சன்னமான ஊசியில் ஒரே குத்தில் நூல் கோக்கிறவளுக்குப் பேப்பர் எழுத்து எப்படித் தெரியாமல் போகும்? கோணல் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிற எனக்கு, இதைக் கேட்க ஒருநாள்கூடத் தோன்றவில்லையே.

சாம்பிள் ரூம் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுக்காரன் ஒரு புது மாடல் கேட்டால் முதல் ஜோடியைத் தைத்துக் காட்டுகிற இடம் அது. கம்பெனியிலேயே நல்ல கைகள்தான் அங்கே உட்காரும். எப்படித் தைக்க வேண்டும் என்று எழுதி ஓர் அட்டை மெஷின் பக்கத்தில் தொங்கும். நீ அந்த அட்டை இருக்கும் பக்கமே திரும்பமாட்டாய். ஷூவைக் கையில் வாங்கி நாலு தடவை திருப்பிப் பார்ப்பாய், தைத்துக் கொடுத்துவிடுவாய். திமிர் என்று நினைத்தேன். வேலை தெரிந்தவளின் திமிர், இருக்கட்டும் என்று ரசித்தேன்.

அப்புறம்தான் உன்னை சூப்பர்வைசர் ஆக்குகிறேன் என்று மேனேஜர் கூப்பிட்டார். நான் நிற்கிற அதே லைனுக்கு. நீ அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாய்.

"ஏன் வேணாம்ன?"

"அது பேஜார் புடிச்ச வேலைங்க. இப்பனா சூப்பர்வைசர திட்டிக்கினு வேலை செய்றேன். நானே போய் அங்க நின்னா யார திட்டறது?"

நான் சிரித்தேன். உள்ளுக்குள் வேறு மாதிரி புரிந்துகொண்டேன். நீ சூப்பர்வைசர் ஆனால் நான் உனக்குக் கீழே நிற்க வேண்டும். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். புருஷன் தலை குனியக் கூடாது என்று வந்ததை விட்டுவிட்டாய். இப்படித்தான் நான் முடிவு பண்ணினேன். கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் ரஹீம் பாயிடம் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "அரே, நீ குடுத்து வெச்சவன்யா" என்பார். அந்த ஆடியில் உனக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? எதுக்கு என்று கேட்டாய். சும்மா என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாய்.

சூப்பர்வைசர் மணிக்கொரு தரம் போர்டில் எழுத வேண்டும். எந்த மாடல், எங்கே நின்றது, எதனால் நின்றது, எல்லாம் எழுத வேண்டும். அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

சுவேதாவை இந்தக் கல்லூரியில் சேர்த்தது நீ. காட்பாடி போகிற வழியில் இருக்கிற சின்னக் கல்லூரி. எனக்கு இஷ்டமே இல்லை. ப்ளஸ் டூவில் தட்டுத்தடுமாறிப் பாஸான பெண்ணை எதற்கு அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டும், நம் கம்பெனியிலேயே சேர்த்துவிடலாம் என்றேன். ஸ்கூலில் அவளுக்குக் கவனம் பத்தவில்லை, அக்கறை இல்லை என்று சொல்லிச் சொல்லி நானும் அதையே நம்பியிருந்தேன். நீதான் ரஹீம் பாய் வீட்டில் விசாரித்துக்கொண்டு வந்தாய். அவர் பையன் இம்ரானும் எழுத்தைப் பார்த்தால் திணறுகிறவன்தான். "அந்தக் காலேஜ்ல அதுக்குனே ஒரு ரூம் வெச்சி சொல்லித் தர்றாங்களாம்" என்றாய்.

அந்த ரூமுக்குப் பச்சைக் கதவு. பிள்ளைகள் அந்த இடத்தையே பச்சைக் கதவு என்றுதான் சொல்வார்கள். பொறுப்பில் இருந்தவர் ஸ்டெல்லா மேடம். உட்கார வைத்து நமக்கு எல்லாம் விளக்கினார். சில பேருக்கு மூளை எழுத்தை வேறு மாதிரி வாங்கும், அது சோம்பேறித்தனமும் இல்லை, புத்திக் குறைவும் இல்லை என்றார். பாடத்தைக் குரலில் பதிவு பண்ணித் தருவோம், பரீட்சையில் கூடுதல் நேரம் வாங்கித் தருவோம், இவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் உட்காருவார் என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாய். சந்தையில்கூட நீ அவ்வளவு கேட்டு நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது கதவுக்கிட்டே நின்று, "பெரியவங்களுக்கும் இதெல்லாம் உண்டா மேடம்?" என்றாய்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "நீ இன்னா, இனிமே பி.காம் படிக்கப் போறியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான் சிரித்தாய், எல்லோரையும்விட ஜாஸ்தியாக.

அதற்கப்புறம் நீ அதிக நாள் இல்லை. காலையில் தலைவலி என்று உட்கார்ந்தாய். சாயந்தரம் வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் சுவேதாவும் நின்றோம். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். அன்று காலையில் பாதி படித்த பேப்பர் நிலைப்படியிலேயே கிடந்தது. அதற்கப்புறமும் பேப்பர்க்காரன் தினமும் போட்டுக்கொண்டுதான் இருந்தான். நான் பிரிக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சுவேதா படிப்பை நிறுத்தவில்லை. உன்னை மாதிரியே பிடிவாதம். போன மாதம் பச்சைக் கதவில் பெற்றோர் கூட்டம் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். ரஹீம் பாயும் வந்திருந்தார். ஸ்டெல்லா மேடம் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். தமிழ் எழுத்துதான், ஆனால் உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் புரியவில்லை. எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன, சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, வரி நடுவிலேயே உடைந்து கீழே இறங்கியது.

"ஒவ்வொருத்தரா எழுந்து சத்தமா படிங்க. மத்தவங்க எல்லாம் பாத்துட்டிருப்போம்" என்றார் மேடம்.

ரஹீம் பாய் எழுந்தார், ரெண்டு வார்த்தை முனகினார். "இன்னா மேடம் இது, தல சுத்துது" என்று உட்கார்ந்துவிட்டார். என் முறை வந்தது. தினமும் பேப்பர் படித்துப் பழகிய வாயாச்சே, எனக்கென்ன பயம்? எழுந்து நின்றேன். முதல் வார்த்தையே வரவில்லை. விரலை வைத்துப் பார்த்தேன். ரெண்டாவது வார்த்தையில் முதல் வார்த்தை மறந்துபோனது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காது ரெண்டும் சூடாகிவிட்டது. எத்தனை வயசு எனக்கு?

"கண்ணாடி எடுத்துட்டு வரல மேடம்" என்றேன்.

கண்ணாடி என் மூக்கு மேலேயே இருந்தது. மொத்தக் கூட்டமும் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அது என் வாய்க்குப் பழக்கமே இல்லாத வார்த்தை. உன் வார்த்தை. கல்யாணப் பத்திரிகை வந்தால் சொல்வாய், கரன்ட் பில் வந்தால் சொல்வாய், சுவேதா ஸ்கூலில் எதில் கையெழுத்துக் கேட்டாலும் சொல்வாய்.

"எங்க பசங்க ஸ்கூல் பூரா இதைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க" என்றார் மேடம். "தலைவலி, வயித்துவலி, கண்ணாடி இல்ல, கை வேலையா இருக்கு."

கை வேலையா இருக்கு. அதையும் சொல்லிவிட்டார்.

அப்புறம் மேடம் கேட்டார், இது சில குடும்பங்களில் அம்மா அப்பாவுக்கும் இருக்கும், உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று. பொதுவாகத்தான் கேட்டார். ஆனால் என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு வேகம் வந்ததோ தெரியாது.

"இல்ல மேடம். எங்க வீட்ல அப்படி யாருக்கும் இல்ல."

சுவேதா கதவோரம் பிஸ்கட் தட்டோடு நின்றிருந்தாள். தட்டை அப்படியே மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போனாள். பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மாவுக்கு இருந்துச்சுன்னு சொல்றதுக்கு வெக்கமாப்பா உனக்கு?"

"அம்மாவுக்கா?"

"நடிக்காத. தினம் நீதான படிச்சுக் காட்டுன? நான் மேடம்கிட்ட எவ்ளோ பெருமையா சொல்லி வெச்சிருந்தேன் தெரியுமா? எங்கம்மாவுக்குப் படிக்க வராது, எங்கப்பா ஒரு நாள்கூட குத்திக் காட்டினது இல்ல, அவரே தினம் படிப்பாருன்னு. அதனாலதான் மேடம் உன்னப் பாத்து கேட்டாங்க. நீ எல்லார் முன்னாலயும் எழுந்து இல்லன்ற."

நான் அவள் பையை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"எனக்கு இப்படின்னு தெரிஞ்சப்ப நான் அழவே இல்ல, ஏன் தெரியுமா? நம்ம வீட்ல ஒருத்தருக்கு வர்லன்னா இன்னொருத்தர் படிப்பாங்க, அவ்ளோதான மேட்டருன்னு நினைச்சேன். அம்மாவையே இல்லன்னுட்ட. நாளைக்கு என்ன இன்னான்னு சொல்லுவ?" குரல் உடைந்துவிட்டது அவளுக்கு. "எனக்கு எழுத ஆள் வேணாம், எக்ஸ்ட்ரா டைம் வேணாம். எல்லாரையும் மாதிரி ஹால்லயே உக்காந்து எழுதறேன். பாஸானா ஆவுது. ஆவலன்னா கம்பெனிக்கு வந்துடறேன். அதான நீ முதல்ல இருந்து சொன்ன."

பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அவள் பச்சைக் கதவுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

எனக்கோ தலை கிறுகிறுத்துப்போயிற்று. எதை முதலில் யோசிப்பது? பேப்பர் கேட்டாயே, அது நான் உனக்குப் பிடித்தவன் என்பதால் இல்லையா? சூப்பர்வைசர் வேலையை விட்டாயே, அது எனக்காக இல்லையா? நீ எனக்குக் கொடுத்தாய் என்று நான் பத்திரமாக வைத்திருந்தது எல்லாம், உன்னை நீ ஒளித்துக்கொள்ள வைத்திருந்த திரைச்சீலைதானா? இந்தப் பக்கம் மகள், நான் உனக்குக் கொடுத்தேன் என்று நினைத்து அதையே பிடித்துக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். நானோ எதையும் தெரிந்து கொடுக்கவே இல்லை. அப்படியென்றால் நம் வீட்டில் யார்தான் யாருக்கு என்ன கொடுத்தோம்?

உன் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னிடம் சொல்ல என்ன தடை உனக்கு? நான் என்ன புலியா, கடித்துத் தின்றுவிடுவேனா? இப்படி மனசுக்குள் கத்திக்கொண்டே இருக்கும்போது குடியாத்தம் பஸ் ஞாபகத்துக்கு வரும். உன் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், போர்டு கண்ணெதிரே இருக்கும், நீ கண்டக்டரிடம் "குடியாத்தம் போவுமா?" என்று கேட்பாய். "அவ்ளோ பெருசா எழுதியிருக்கான், கண்ணு அவிஞ்சா போச்சு?" என்பேன். "கேட்டா இன்னா, வாய் தேஞ்சா போய்டும்?" என்று ஏறிவிடுவாய். அதற்கப்புறம் கத்த முடியாது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கோபம் வரும். இப்படியே போனது அந்த வாரம்.

ஞாயிற்றுக்கிழமை சுவேதா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் நாலு பல் எடுத்தேன். சுலபமான வழி ஒன்று இருந்தது. ஆமாம், தெரியும், கூச்சத்தில் சொல்லவில்லை என்று மன்னிப்புக் கேட்டுவிடலாம். அவள் நினைத்துக்கொண்டிருக்கும் அப்பா பாதியாவது மிஞ்சுவான். என்னால் முடியவில்லை.

"பாப்பா, எனக்குத் தெரியாது."

"இன்னா தெரியாது?"

"உங்கம்மாவுக்குப் படிக்க வராதுன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. அந்த மீட்டிங்லதான் தெரிஞ்சுது. பயந்துட்டேன், இல்லன்னுட்டேன்."

அவள் கை நின்றது. என் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை.

"அப்ப எதுக்குத் தினம் படிச்ச?"

"அவ கேட்டா. எனக்கும் புடிச்சிருந்துச்சு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் மறுபடி பூண்டை உரிக்க ஆரம்பித்தாள். அவளுக்கும் என்னை மாதிரியே எல்லாம் குழம்பிப்போயிற்று என்று தெரிந்தது. "அப்ப அம்மா உன்கிட்ட மறைச்சாளா?" என்றாள் மெதுவாக. "என்கிட்ட மறைக்கவே இல்லப்பா. சின்ன வயசுல எழுத்துக்கூட்ட வராம நான் அழுதப்போ, எனக்கும் இப்படித்தான்டி ஆடும், வா உங்கப்பாவப் படிக்கச் சொல்லலாம்னா. உனக்குத் தெரியும்னுதான் நான் நினைச்சேன்."

அப்புறம் அவளே எதையோ நினைத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணுப்பா. நான் காலேஜ்ல சேந்ததும் அம்மா போன்லயும் அந்தப் படிச்சுக் காட்டற ஆப்பப் போட்டுக் குடுத்தேன். எதக் காட்டினாலும் போனே படிச்சு சொல்லும். கம்பெனி மெசேஜ், பேங்க் மெசேஜ், எல்லாம் அதுலதான் கேப்பா. ஒரு நாள் பேப்பரையும் வெச்சுக் காட்டினேன். கடகடன்னு படிச்சுது."

"அவ இன்னா சொன்னா?"

"சிரிச்சா. நல்லாதான்டி படிக்குது, ஆனா 'ம்' சொல்றதுக்குக்கூட நிக்க மாட்டேங்குதேன்னா. மறுநாள் காலைல உன்னதான் கூப்ட்டா."

நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு நின்று நன்றாக அழுதேன்.

இதையும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை பார். திடீரென்று நிறுத்தினால் எனக்குச் சந்தேகம் வரும் என்றுகூட நீ என்னைத் தொடர்ந்து படிக்க வைத்திருக்கலாம். அப்படியும் இருக்கும், இப்படியும் இருக்கும். ரெண்டும் சேர்ந்தேகூட இருந்திருக்கும். உன்னைக் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லமாட்டாய், ஏதாவது ஒன்று சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய்.

மறுநாள் சுவேதாவோடு நானும் போனேன். பச்சைக் கதவில் நாலைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "மேடம், அன்னைக்குத் தப்பா சொல்லிட்டேன். என் வீட்டுக்காரிக்கும் இருந்துச்சு. எனக்குத்தான் தெரியல." மேடம் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சுவேதா உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அந்த வாரமே பரீட்சை எழுதினாள். அவள் சொல்லச் சொல்ல ஓர் ஆள் எழுதினார். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

ரஹீம் பாய் போன வாரம் டீ ஆற்றிக்கொண்டே பழைய கதையை எடுத்தார், உனக்காக சூப்பர்வைசர் வேலையையே விட்ட பொம்பள ஆச்சே என்று. "பாய், அந்தக் கதைய இனிமே சொல்லாத. அது அப்படித்தானான்னு எனக்கே தெரியல" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டீயைக் கையில் கொடுத்தார்.

இப்போது வாரத்தில் ஒரு நாள் நான் பச்சைக் கதவுக்குப் போகிறேன். பாடங்களைச் சத்தமாகப் படித்துப் பதிவு பண்ண அவர்களுக்கு ஆள் வேண்டுமாம். பின்பக்கம் சின்ன ரூம், சத்தம் வராமலிருக்க ஜன்னலில் போர்வை கட்டியிருக்கிறார்கள். ஒரு மைக், ஒரு நாற்காலி. வணிகச் சட்டம் படிக்கிறேன். ஒரு எழவும் புரியவில்லை, ஆனால் திருத்தமாகப் படிக்கிறேன். முதல் பாடம் பதிவானதும் இம்ரான் வந்து கேட்டான்.

"அங்கிள், நடுவுல நடுவுல எதுக்கு நிறுத்தறீங்க? யாராவது கூப்புடறாங்களா?"

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நின்றிருக்கிறேன். நீ "ம்" சொல்லும் வரைக்கும். மேடம் அந்த இடைவெளியை எல்லாம் வெட்டிவிடலாமா என்றார். பிள்ளைகள்தான் வேண்டாம் என்றார்கள், கேட்டது உள்ளே போக அந்த நேரம் வசதியாக இருக்கிறதாம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இன்றைக்கும் பதிவு இருந்தது. கண்ணாடி உடைந்ததில் போக முடியவில்லை. உன் டப்பாவிலிருந்த ஷூ நூலை எடுத்துக் கழன்ற காலைச் சேர்த்துக் கட்டினேன். முடிச்சு கோணல்தான், நீயாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பாய். அதை மாட்டிக்கொண்டுதான் இவ்வளவும் எழுதினேன். உன் கண்ணாடியைத் துடைத்து டப்பாவிலேயே வைத்துவிட்டேன்.

கொஞ்சம் முன்னால், எழுதிய வரைக்கும் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். நிலைப்படியில்தான் உட்கார்ந்திருந்தேன். சுவேதா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பவர் இல்லாத கண்ணாடி வருகிற முதல் பத்தியைப் படித்தேன், நின்றேன். என் பாட்டுக்குப் பழக்கத்தில்தான் நின்றேன். உள்ளே கத்திச் சத்தம் நிற்கவில்லை.

"ம்" என்றாள் அவள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"படிப்பா. எனக்குக் கை வேலையா இருக்கு."

அடுத்த பத்தியைப் படித்தேன்.